3.65 கிராம் உப்பு: என் கடல் மீன் தொட்டி பட்ட பாடு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் வடக்கே பாக் விரிகுடா தெரியும். தெற்கே பதினைந்து நிமிடம் நடந்தால் மன்னார் வளைகுடா. மண்டபத்தில் இரண்டு கடலுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு, தொட்டியில் உப்பு சரியில்லாமல் மீனைச் சாகடித்தவள் நான். சொந்தக்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. பத்து மாதத்துக்கு மேல் ஒண்டியாகத் தடுமாறினேன். கேட்க ஆள் இல்லை. இருந்தவர்களும் "கடல் தண்ணியத்தான ஊத்துற, அப்புறம் என்ன" என்றார்கள். கடல் மீன் வளர்க்க நினைக்கிற ஒருவருக்காவது பயன்படட்டும் என்று, பட்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ஆசையைக் கிளப்பிவிட்டது என் மகன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் எங்கள் ஊரில்தான் தொடங்கியது. தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போனாலும் இங்கே ஒரு மையம் இருக்கிறது. அங்கே பள்ளியிலிருந்து கூட்டிப்போனபோது கோமாளி மீனைப் பார்த்துவிட்டு வந்தவன், ஒரு மாதம் வேறு பேச்சே பேசவில்லை. பிப்ரவரியில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி செய்தோம். கணக்குப்படி 190 லிட்டர். மணல், ஃபில்டர் கல், மேலே விட்ட இடம் எல்லாம் கழித்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் 150 லிட்டர்தான். இந்த 150 என்ற எண்ணை நான் முதல் நாளே தெரிந்துவைத்திருக்க வேண்டும். தொட்டியை நிரப்பும்போதே குடம் குடமாக எண்ணி எழுதிவைத்துவிடுங்கள். பின்னால் உப்பைக் கூட்டவும் குறைக்கவும் அந்த எண்தான் வேண்டும், அளவு டேப்பை வைத்துப் போட்ட கணக்கு உதவாது.

குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி 1,000 ரூபாய், டாம்செல் என்கிற சின்ன மீன் மூன்று 450, மீன் உடம்பைச் சுத்தம் செய்யும் சிவப்புக் கோடு போட்ட இறால் இரண்டு 2,200, நத்தை நான்கு 400. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் "தீவுப் பக்கம் பவளப்பாறைத் துண்டு கெடக்கு, ரெண்டு அள்ளிட்டு வந்து வைங்க, அழகா இருக்கும்" என்றார். அதைச் செய்துவிடாதீர்கள். 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, பவளமும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உடைந்த மண்சட்டி ஓடுகளை அடுக்கினேன். மீனுக்கு ஒளிய இடம் கிடைத்தால் போதும்.

தண்ணீர் மாமாவின் வள்ளத்தில் வந்தது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கலங்கிக் கிடக்கும், அப்போது வடகடலில் எடுப்பார். வாடைக் காலத்தில் மாறி எடுப்பார். கரையில் அள்ளாமல் உள்ளே போய் எடுத்து, 20 லிட்டர் கேன்களில் வரும். உப்பை அளக்க, கடைக்காரர் 450 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் கொடுத்தார். சின்னப் பெட்டி, உள்ளே ஒரு முள், தண்ணீரை ஊற்றினால் முள் மிதந்து ஓர் எண்ணைக் காட்டும். "பச்சைக் கோட்டுக்குள்ள நின்னா சரிங்க." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாடம்.

ஏப்ரல் வந்தது. எங்கள் ஊர் வெயில் தெரியும்தானே. தொட்டிக்கு மேலே சின்ன ஃபேன் வேறு ஓடியது. தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குறையும். குறைந்ததைக் கடல் தண்ணீர் ஊற்றியே நிரப்பினேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே? இதில் என்ன தப்பு என்று ஒரு மாதம் எனக்குத் தோன்றவே இல்லை. உப்பளம் இருக்கிற மாவட்டத்தில் பிறந்தவளுக்கு, வெயில் தண்ணீரைத்தான் கொண்டுபோகும், உப்பை விட்டுவிட்டுப் போகும் என்பது தெரியாதா? தெரியும். பாத்தியில் நடப்பது என் வீட்டுக் கூடத்திலும் நடக்கும் என்றுதான் உறைக்கவில்லை. குறைவது வெறும் தண்ணீர், ஆகவே ஊற்றவேண்டியதும் வெறும் தண்ணீர். ஒன்றரை லிட்டர் கடல் தண்ணீரில் ஐம்பது கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. நாள் ஒன்றுக்கு அவ்வளவையும் தொட்டிக்குள் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஹைட்ரோமீட்டர் என்ன செய்தது? பச்சைக் கோட்டின் மேல் விளிம்பைத் தொட்டபடி 1.027இல் நின்றது (நல்ல தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று காட்டும் எண் அது). கொஞ்சம் கூடத்தான், பரவாயில்லை என்று விட்டேன். முள்ளின் அச்சில் வெள்ளையாகக் காய்ந்துபோன உப்பு படிந்து, முள்ளைக் கனமாக்கிக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. உப்பு படிந்தால் முள் குறைத்துக் காட்டும், முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டினால் கூட்டிக் காட்டும். அந்தக் கருவிதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், அளக்கும்போது பெட்டியைத் தட்டிக் குமிழியை விரட்டுங்கள். அப்படிச் செய்தாலும் அதை முழுக்க நம்பாதீர்கள்.

மே கடைசியில் கோமாளி மீன்கள் இரை எடுக்காமல் மூலையில் நின்றன. எதிர் வீட்டுத் தம்பி தேவிபட்டினம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் டெக்னீஷியன். இறால் பண்ணைக்காரர்கள் கையில், ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் எப்போதும் இருக்கும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பேனா டார்ச் அளவுக்கு ஒரு குழல், முனையில் சாய்வாக ஒரு கண்ணாடி. அதில் இரண்டு சொட்டு விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தார். எடுத்தார். துடைத்தார். மறுபடி வைத்தார்.

"அக்கா, 43க்கு மேல காட்டுது. நம்ம கடலே 35தான்க்கா."

ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம் உப்பு என்பதுதான் அந்த 35. பண்ணையில் பிபிடி என்பார்கள். என் தொட்டியில் 43.

பயத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். அன்றைக்கு சாயங்காலமே 30 லிட்டரை இறைத்துவிட்டு, ஒன்றரை கேன் குடிதண்ணீரை ஊற்றினேன். அரை மணி நேரத்தில் 43 என்பது 35க்குப் பக்கத்தில் வந்தது. எண் சரிதான். காலையில் இரண்டு இறாலும் மல்லாந்து கிடந்தன, அடுத்த மூன்று நாளில் நத்தைகளும் போயின. மீன்கள் பிழைத்தன. மீனுக்குத் தன் உடம்பின் உப்பைத் தானே சமாளிக்கும் வழி உண்டு, செவுள் வழியாக வெளியேற்றிவிடும். இந்த வகை இறாலுக்கும் நத்தைக்கும் அவ்வளவு சாமர்த்தியம் இல்லை, வெளித் தண்ணீர் எப்படிப் போகிறதோ உடம்பும் அப்படியே போகும். "எங்க வனாமின்னா தாங்கியிருக்கும்க்கா, இது தாங்காது" என்று பண்ணையில் வளர்க்கும் இறாலைச் சொன்னார் தம்பி. உப்பு கூடியிருக்கிறது என்று தெரிந்தாலும் நாளுக்கு ஒரு பிபிடி வீதம் குறைத்தால் போதும். ஒரு மாதம் தாங்கியதுகள் இன்னும் ஒரு வாரம் தாங்கும்.

எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. தொட்டித் தண்ணீரை, குறைக்க வேண்டிய அளவால் பெருக்கி, இப்போதைய அளவால் வகுக்க வேண்டும். என் 150 லிட்டரில் 38ஐ 35 ஆக்க வேண்டுமானால் 150ஐ 3ஆல் பெருக்கி 38ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 லிட்டர். அவ்வளவு தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும், நாளுக்கு நான்கு லிட்டராக.

ஜூலையில் எனக்கே சொந்தமாக ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். நல்ல தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, திருகைத் திருப்பி, நீலக் கோட்டைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தது. குழாயைத் திறந்து இரண்டு சொட்டு விட்டேன். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீர் என்பதை அந்த நேரத்தில் நினைக்கவில்லை. இதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன், அது தனிக் கூத்து.

ஐந்து மாதம் நிம்மதி. டிசம்பரில் வந்தது பெரிய அடி. நான்கு நாள் அடைமழை, கரண்ட் போய்ப் போய் வந்தது, ஃபில்டர் நின்று தண்ணீர் நாற ஆரம்பித்தது. மாமா கொண்டுவந்த 70 லிட்டரை அப்படியே மாற்றினேன். அளக்கவில்லை. கடல் தண்ணீரை யார் அளப்பார்கள்? சாயங்காலம் தொட்டியை அளந்தால் 31. மிச்சமிருந்த கேனை அளந்தால் 28. கடல் எப்போதும் 35 என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. பிறகு தம்பிதான் விளக்கினார்: மழை ஒரு பக்கம் இருக்கட்டும், நவம்பர் வாக்கில் வங்கக் கடல் தண்ணீரே கரையோரமாகத் தெற்கே இறங்கிவரும், பெரிய ஆறுகள் கொட்டிய நல்ல தண்ணீர் அதில் கலந்திருக்கும், பாக் விரிகுடா முழுக்க உப்பு குறையும், கோடையில் மறுபடி ஏறும். மாமாவிடம் கேட்டால் அவருக்கும் அது தெரிந்தே இருக்கிறது. "ஐப்பசி கார்த்திகையில தண்ணி சப்புன்னுதான இருக்கும்" என்றார். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம்.

அன்றைக்கு இரவு நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. உப்பைக் கூட்ட வேண்டும். வீட்டில் கல்லுப்பு இருந்தது. கடலிலிருந்து எடுத்ததுதானே? 600 கிராம் நிறுத்து ஃபில்டர் பக்கமாகத் தூவினேன். ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 32. போதாதே என்று இன்னும் 600 கிராம். மணலுக்கு மேலே கரையாத கல் மின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் புத்தியில் ஏறவில்லை. கரையாத உப்பைக் கருவி எப்படிக் காட்டும்? விடிய விடியக் கரைந்தது. காலையில் 39. பெண் கோமாளி மீன் ஓட்டுக்கு அடியில் செத்துக் கிடந்தது, ஆண் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் அதுவும் போயிற்று, டாம்செல் இரண்டும் போயின. மகன் பள்ளிவிட்டு வந்து தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மாடிக்குப் போனான். அவன் கத்தியிருந்தால் எனக்குத் தேவலை.

கல்லுப்பு கடல் உப்பு அல்ல. உப்பளத்தில் கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வற்றவைக்கிறார்கள். கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடும். அப்புறம்தான் நாம் சாப்பிடும் உப்பு படியும். மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். நமக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையில் மற்றவையும் கணக்காகச் சேர்த்திருப்பார்கள். அதையும் தொட்டிக்குள் நேராகக் கொட்டக் கூடாது. தனி வாளியில் ஆர்ஓ தண்ணீர் எடுத்து, தண்ணீருக்குள் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. சின்ன மோட்டார் போட்டு ஒரு நாள் சுற்றவிட்டு, தெளிந்த பிறகு அளக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு பிபிடி கூட்ட ஒரு கிராமும் அதற்கு மேல் கொஞ்சமும் பிடிக்கும், பொட்டலத்து உப்பில் ஈரம் இருப்பதால்.

மீன் இருக்கிற தொட்டியில் உப்பைக் கூட்டுவது குறைப்பதைவிட ஆபத்து. நான் இப்போது செய்கிற வழி என்ன தெரியுமா? ஆவியாகிக் குறைகிற ஒன்றரை லிட்டருக்கு, ஆர்ஓ தண்ணீருக்குப் பதிலாக 35 உள்ள கடல் தண்ணீரை ஊற்றுகிறேன். 150 லிட்டரில் அது நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு பிபிடிதான் ஏற்றும். ஏப்ரலில் என்னைக் கவிழ்த்த அதே வேலைதான். இப்போது தினமும் அளந்து, 35 வந்ததும் நிறுத்திவிடுகிறேன்.

குழாய்த் தண்ணீர்க் கூத்துக்கு வருகிறேன். ஜனவரியில் மிச்சமிருந்த ஒற்றை டாம்செல்லை வைத்துக்கொண்டு, இனிமேல் எல்லாம் முறைப்படி என்று முடிவு செய்தேன். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவந்து ரிஃப்ராக்டோமீட்டரைப் பூஜ்ஜியம் செய்தேன். நேற்றுவரை 35 காட்டிய தொட்டி 37க்குப் பக்கம் காட்டியது. சரி, இத்தனை நாள் தப்பாக இருந்திருக்கிறது என்று நான்கு நாளில் 35க்கு இறக்கினேன். மார்ச்சில் ஒரு பாட்டில் தண்ணீரைத் தம்பியிடம் கொடுத்துப் பண்ணையில் மின்கடத்தல் மீட்டரில் பார்க்கச் சொன்னேன். 33.5 என்று வந்தது. நேர்மையாகச் செய்தபிறகுதான் தப்பு வந்திருக்கிறது!

விஷயம் இதுதான். மலிவாக வரும் ரிஃப்ராக்டோமீட்டர் பலவற்றில் இருக்கும் கோடு வெறும் உப்புக் கரைசலுக்குப் போட்டது, கடல் தண்ணீருக்கு அல்ல. கடல் தண்ணீரில் மெக்னீசியமும் சல்பேட்டும் இருப்பதால் ஒளி கொஞ்சம் கூடுதலாக வளைகிறது. 35 உள்ள கடல் தண்ணீரை அது 36.5 என்று காட்டும். என் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு, 1,900. அதாவது அதிலேயே ஏறக்குறைய இரண்டு பிபிடி இருக்கிறது. அதைப் பூஜ்ஜியம் என்று வைத்ததால் கருவி இரண்டு குறைத்துக் காட்டியது. ஒன்று ஒன்றரை கூட்ட, இன்னொன்று இரண்டு குறைக்க, ஆறு மாதம் எனக்குக் கிட்டத்தட்டச் சரியான எண் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு தப்பைத் திருத்தியதும் மற்றது தலையைக் காட்டியது.

ஆகவே பூஜ்ஜியத்தில் நிறுத்துவதைவிட, 35இல் நிறுத்துவதுதான் சரி. 35 என்று தெரிந்த ஒரு தண்ணீர் வேண்டும். அதற்கென்று விற்கும் சின்னப் பாட்டில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்: 3.65 கிராம் சமையல் தூளுப்பு, 96.35 கிராம் டிஸ்டில்டு வாட்டர், மொத்தம் 100 கிராம். வெறும் உப்புக் கரைசல்தான், ஆனால் 35 உள்ள கடல் தண்ணீர் ஒளியை எவ்வளவு வளைக்குமோ அதே அளவு வளைக்கும். ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும்தான் இந்த அளவு. மின்கடத்தல் மீட்டருக்கு 3.29 கிராம், மிதக்கும் ஹைட்ரோமீட்டருக்கு 3.71 கிராம் என்று மாறும், மீதி தண்ணீர்.

3.65 கிராமை எதில் நிறுப்பது? சமையலறைத் தராசு கிராமுக்குக் கீழே காட்டாது. ராம்நாட் அரண்மனைப் பக்கம் நகைக்கடையில் வேலை பார்க்கும் சித்தப்பாவிடம் போனேன். இருப்புச்சட்டியில் பத்து நிமிடம் வறுத்து ஈரம் போக்கி, ஆறவைத்து, மூடி இறுக்கிய டப்பாவில் உப்பைக் கொண்டுபோயிருந்தேன். ஊதினால் எண் மாறுகிற தராசு. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு துண்டுத் தாளை வைத்து எடையைக் கழித்துவிட்டு, சாமணத்தால் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். 3.61. இரண்டு பரல். 3.64. ஒரு பரல். 3.65. "இன்னிக்குச் சவரன் விக்கிற வெலைக்கு ஒனக்கு உப்பு நிறுத்துத் தர்றேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரையும் அதே தராசில் நிறுத்துக் கொடுத்தார். செலவு, எனக்கு பஸ்ஸும் அவருக்கு ஒரு டீயும்.

வீட்டுக்கு வந்து இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். கோடு மிகச்சரியாக 36.5இல் நின்றது. திருகைத் திருப்பி 35க்குக் கொண்டுவந்தேன். தொட்டியை அளந்தேன், 33.5. பண்ணை மீட்டர் சொன்ன அதே எண். அந்த நிமிடம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக நான் பார்க்கும் எண் நிஜம்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். சொட்டு விட்டதும் பார்க்காதீர்கள், ஒரு நிமிடம் விட்டால் தண்ணீரும் கண்ணாடியும் ஒரே சூட்டுக்கு வரும். வெப்பத்தைத் தானே ஈடுகட்டும் என்று போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் 30 டிகிரி வரைதான். நம் ஊர் மத்தியானத்தில் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டும். அதனால் அளப்பது, சரிபார்ப்பது இரண்டையும் விடிகாலையில் வைத்துக்கொள்கிறேன். உப்புக் கரைசல் பாட்டிலின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், கொஞ்சம் ஆவியானாலும் அது 35 அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்கிறேன். தொட்டியின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்தை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன், தினமும் அந்தக் கோடுவரை ஆர்ஓ தண்ணீர். டேப் ஒட்டினால் ஈரத்தில் உரிந்துவிடுகிறது, நகப்பூச்சு நிற்கிறது.

உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இறால் 2,200, நத்தை 400, கோமாளி மீன் 1,000, டாம்செல் இரண்டு 300, தூக்கிப்போட்ட ஹைட்ரோமீட்டர் 450, அவசரத்துக்குத் தண்ணீர் எடுக்க ஆட்டோவுக்குக் கொடுத்தது 1,800. ஆக 6,150 ரூபாய். ரிஃப்ராக்டோமீட்டரைச் சேர்க்கவில்லை, அது பாவம் சொல்லிக்கொடுத்தபடிதான் வேலை செய்தது.

ஜூனில் மறுபடி ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கினோம். இந்த முறை மகன்தான் அளக்கிறான், நோட்டில் தேதி போட்டு எழுதுகிறான். நேற்று மாமா மூன்று கேன் இறக்கிவிட்டுப் போனார். காலையில் பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் சுண்ணக்கட்டியால் 31 என்று எழுதி, "ஊத்தாதே" என்று பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறான்.